வெளிவராத பாட்டு வெளியே போன கதை

என்னிடம் யாரும் இரகசியம் சொல்வதில்லை. வீட்டுப் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று என் மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மைத்துனிக்கு மாப்பிள்ளை முடிவான சேதி, நிக்காஹ் பத்திரிகை அச்சாகி வந்த பிறகுதான் எனக்கு எட்டியது. இதற்காக நான் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. இருபத்தோரு வயதில் ஒரே ஒரு இரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினேன். ராப்பகலாகக் காப்பாற்றினேன். அந்த இரகசியம் ஐந்தே நாளில் கள்ளக்குறிச்சி கடைவீதியிலிருந்து கல்வராயன் மலை வரைக்கும் ஒலிபெருக்கியில் கேட்டது. அதுவும் என் குரலில், கடைப் பெயரோடு.

கடையின் பெயர் அன்வர் ரெக்கார்டிங். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. நான் பிறந்த வருஷம் அத்தா ஆரம்பித்ததால் எனக்கு வைத்த பெயரையே கடைக்கும் வைத்துவிட்டார். (கடைக்கு ஊரில் நல்ல பெயர். எனக்குத்தான் பி.காமில் நாலு பேப்பர் பாஸாகாமல் நின்றுகொண்டிருந்தது.) கேசட் காலம் முடிந்து சிடி காலம் நடந்துகொண்டிருந்தது. சினிமாப் பாட்டு, அம்மன் பாட்டு, நாகூர்ப் பாட்டு, எது கேட்டாலும் கம்ப்யூட்டரிலிருந்து சிடியில் எரித்துக் கொடுப்போம்.

அத்தாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. கேசட்டின் கடைசியில் ரெண்டு நிமிஷம் நாடா சும்மா சுற்றினால்கூட, எடைக்கல்லில் கை வைத்த மாதிரி அவருக்குக் குற்றவுணர்ச்சி வந்துவிடும். சிடி வந்த பிறகும் அதே கதைதான். ஒருவர் இருபது பாட்டு கேட்டால், அந்த இருபதையும் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தை ‘புதுசு’ என்ற ஃபோல்டரில் இருக்கும் பாட்டுகளால் விளிம்பு வரைக்கும் நிரப்பித்தான் கொடுக்க வேண்டும்.

“காலி இடம் வுட்டா அது திருட்டுடா” என்பார் அத்தா.

அடுத்தவர் பாட்டைக் கேட்காமல் கொள்ளாமல் பதிந்து விற்பதை என்னவென்று சொல்வது என்று எங்கள் இருவருக்குமே அப்போது தோன்றியதில்லை.

எனக்கும் ஒரு கொள்கை இருந்தது. எங்கள் கடையில் எரித்த சிடியைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிப் போய் நகல் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார். (நாங்கள் திருடியதை அவர் திருடினார் என்பதில் எனக்கு வந்த தார்மீகக் கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.) அதனால் ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் என் குரலைப் பதித்தேன். “அன்வர்… வர்… வர்… அன்வர் ரெக்கார்டிங்! கள்ளக்குறிச்சி!” மலைக் குகைக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி எதிரொலி வைத்திருந்தேன். இதற்கு நான் வைத்த பெயர் பூட்டு.

இந்தச் சமயத்தில்தான் ஏழுமலை ராப் பாட ஆரம்பித்தான். சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரன், கல்லூரியில் என் பெஞ்சுக்காரன். அப்பா இல்லை. அம்மாவோடு கூலிக்குக் கரும்பு வெட்டப் போவான், மரவள்ளிக் கிழங்கு பிடுங்க மலைக்குப் போவான், இதற்கு நடுவில் எல்லா பேப்பரும் பாஸ் பண்ணுவான். மலேசியாவிலிருந்து வந்த தமிழ் ராப் சிடி ஒன்றை எங்கள் கடையில் முதல் தடவை கேட்டுவிட்டு, “டேய், இது நம்ம கூத்துல கட்டியங்காரன் பேசற மாதிரியே கீது. கோவம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி” என்றான். அடுத்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

அவன் எழுதியது சாதிச் சான்றிதழைப் பற்றிய பாட்டு. சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு மாசக்கணக்கில் அலைந்திருந்தான். (எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். இப்போது எல்லாம் ஆன்லைன்.) கடையின் பின்னறையில் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, பழைய மெத்தையைக் கதவில் சாய்த்து வைத்து, மூன்று மதியங்கள் வேர்க்க வேர்க்கப் பதிவு செய்தோம். இப்படிப் போகும்:

“நாளைக்கு வா நாளைக்கு வான்னா நாளைக்கு இன்னா ஆச்சு?
நாற்காலிக்கு நாலு காலு, நின்னு என் ரெண்டும் போச்சு!”

இதைப் பாடிவிட்டு அவன் மூச்சு வாங்க நிறுத்துவான். தாளம் மட்டும் நாலு தட்டு தட்டும். மறுபடி ஆரம்பிப்பான். கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சென்னையில் ஒரு பாட்டுக் கம்பெனிக்காரருக்கு ஏழுமலை போனிலேயே ரெண்டு வரி பாடிக் காட்டினான். அவர் அடுத்த புதன்கிழமை நேரில் வரச் சொன்னார். ஒரே நிபந்தனைதான். பாட்டு அதுவரைக்கும் வெளியே ஒரு காதுக்கும் போயிருக்கக் கூடாது. போயிருந்தால் வேண்டாம்.

“அன்வரு, அம்மாகிட்டகூட போட்டுக் காட்டலடா. உன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் கீது” என்றான் ஏழுமலை.

“இந்தக் கடைய வுட்டு வெளிய போச்சுன்னா என் பேர மாத்திக்கிறேன்” என்றேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

அவன் மலைக்குக் கிழங்கு பிடுங்கப் போய்விட்டான். நான் உடனே பாதுகாப்பு வேலையில் இறங்கினேன். சென்னைக்குக் கொண்டுபோகச் சுத்தமான சிடி ஒன்றை எரித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கம்ப்யூட்டரில் இருந்த பாட்டில், அவன் மூச்சு வாங்கும் நாலு இடத்திலும் என் பூட்டைப் போட்டேன். யாராவது திருடினால் நம் பாட்டு என்று நிரூபிக்கலாம் அல்லவா? அப்புறம் அதை வழக்கமாகப் புதுப் பாட்டை வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வைத்தேன். ஆமாம், ‘புதுசு’ ஃபோல்டரில்.

முஸ்லிம்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் ஊரிலும் சனிக்கிழமை ஆர்ப்பாட்டம், மறியல், கைது என்று முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆட்டோ ஓட்டும் பாஷா பாய் கடைக்கு வந்தார்.

“தம்பி, ஊரெல்லாம் சுத்தி அறிவிப்பு போடணும். உன் கொரல்லயே நல்லா கணீர்னு பேசி ஒரு சிடி குடு.”

“அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே” என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் பேசிப் பதிவு செய்தேன். சிடியில் ஐந்து நிமிஷ அறிவிப்பு ஏறியது. மிச்ச இடம் பூராவும் காலி. என் கை தன்பாட்டுக்குப் போய் ‘புதுசு’ ஃபோல்டரை அழுத்தியது. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவ யாராவது யோசிப்பார்களா? அத்தா வளர்த்த கை அது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைவீதிப் பக்கமிருந்து என் குரல் கம்பீரமாக வந்தது. “உரிமையை வென்றெடுக்க அலைகடலென திரண்டு வாரீர்!” எனக்கே பெருமையாக இருந்தது. அறிவிப்பு முடிந்தது. பாஷா பாய் முதலிலிருந்து போடுவார் என்று காத்திருந்தேன். அவர் போடவில்லை. சிடி தானாக அடுத்ததற்குப் போனது.

“நாளைக்கு வா நாளைக்கு வான்னா…”

ஊதுபத்தியால் கையைச் சுட்டுக்கொண்டேன்.

அத்தாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஆட்டோ ஒரு தெருவில் பாடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவதும், பாடி முடித்த தெருவுக்குள் நான் நுழைவதுமாக ஒரு மணி நேரம் ஓடியது. நான் போன தெருவில் எல்லாம் ஆட்கள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், “அன்வர்… வர்… வர்…” என்று கை அசைத்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆர்ப்பாட்டக் கூட்டத்துக்கு நடுவில் ஆட்டோ நின்றது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இளைஞர்கள் கோஷத்தை நிறுத்திவிட்டு, “நாற்காலிக்கு நாலு காலு!” என்று கை தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன ஆனாலும் சரி, இங்கேயே இதை நிறுத்திவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு, முண்டியடித்து ஆட்டோவுக்குள் தலையை நுழைத்தேன். சிடி பிளேயரின் மேல் கை வைத்தேன். என் தோளின் மேல் வேறொரு கை விழுந்தது. திரும்பினால் இன்ஸ்பெக்டர்.

“அரசாங்க ஆபீஸ நக்கல் பண்ணி எவன்யா பாட்டு போட்டது?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைக்கு மேலே கூம்பு ஒலிபெருக்கி பதில் சொன்னது. “அன்வர்… வர்… வர்… அன்வர் ரெக்கார்டிங்! கள்ளக்குறிச்சி!”

“நீ யாரு?”

“அன்வர் சார்.”

அன்றைக்குக் கைதானவர்களில் முதல் ஆள் நான்தான். “சார், நான் ஆர்ப்பாட்டத்துக்கு வரல சார், சிடி எடுக்க வந்தேன்” என்று வேனின் படியில் நின்று கெஞ்சினேன். எனக்குப் பின்னால் ஏறிய பாஷா பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

“இன்னாடா சொல்லிக்கினு இருக்க? அலைகடலென திரண்டு வாங்கன்னு ஊரயே கூப்ட்டது நீ. உனுக்கு ஒதுக்கீடு வேணாமா?”

எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். கைதாகிறவர்களை மண்டபத்தில் உட்கார வைத்து, மதியம் எலுமிச்சை சாதம் போட்டு, சாயங்காலம் அனுப்பிவிடுவது வழக்கம். ஆட்டோவையும் மண்டப வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெரியவர்கள் பேசி முடித்ததும் இளைஞர்கள் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்கள். நான் ஜமாத் தலைவரின் காலடியில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு ஏழைப் பையனின் வாழ்க்கை இந்தப் பாட்டில் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டார்.

“நம்ம நெலமயதாம்பா அந்தப் புள்ள பாடிக்கினு கீறான்” என்றார். பிறகு வாசலைப் பார்த்து, “பாஷா, இன்னொரு வாட்டி போடு” என்றார்.

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளின் லத்தி தரையில் தாளம் தட்டியது. ரெண்டு பேர் செல்போனை ஒலிபெருக்கிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் எலுமிச்சை சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். என் கை பாஷா பாய்க்கு மட்டுமா சிடி நிரப்பியது? ஆர்ப்பாட்ட நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். பாட்டு ஃபோல்டருக்குள் போன நாளிலிருந்து மொத்தம் பதினோரு சிடி வெளியே போயிருந்தது. சோறு இறங்கவில்லை. ஆனால் மனசில் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. பதினொன்றையும் பிடித்துவிடுவேன்.

சாயங்காலம் வெளியே விட்டதும் வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் கொடுக்க மாட்டார்கள் என்று, “அந்த சிடில வைரஸ் கீதுங்க, பிளேயர் எரிஞ்சிடும்” என்றேன். பாஷா பாயுடையதோடு சேர்த்துப் பத்து சிடியைக் கைப்பற்றினேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று மறுநாள் காலைதான் தெரிந்தது. அன்வர் வீடு வீடாகப் போய்ப் பிடுங்குகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. போலீஸ் தடை செய்த பாட்டாம் என்று பேச்சு. பக்கத்துக் கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு நகலைப் பிடித்து, வாசலில் வரிசை நிற்க வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

பதினோராவது சிடி கோவிந்தன் அண்ணனிடம் இருந்தது. மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். அம்மன் பாட்டு கேட்டு வாங்கிப் போயிருந்தார். ஊரில் போனது போகட்டும், மலையிலாவது காப்பாற்றுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் கரியாலூருக்குக் கிளம்பினேன். முதல் ரெண்டு கொண்டை ஊசி வளைவில் மொபெட் என்னைத் தூக்கிப் போனது. மிச்ச வளைவுகளில் நான் அதைத் தள்ளிப் போனேன்.

கரியாலூர் டீக்கடை எதிரில் ஜீப் நின்றது. பக்கத்தில் ஒரு லாரியில் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு இரைக்கப் போய், “அண்ணே, அந்த அம்மன் பாட்டு சிடியக் குடுங்க” என்றேன்.

“அதுவா? அம்மன் பாட்டு முடிஞ்சதும் ஒண்ணு வருது பாரு, அத்தான் எல்லாரும் கேக்கறாங்க” என்று கோவிந்தன் அண்ணன் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்.

நான் அதை ரெண்டாக உடைத்தேன். நாலாக உடைத்தேன். நடு ரோட்டில் போட்டுச் செருப்பால் மிதித்தேன். பாட்டு ஒழிந்தது என்று நிமிர்ந்தபோது, லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“நாற்காலிக்கு நாலு காலு, நின்னு என் ரெண்டும் போச்சு!”

பாடி நிறுத்தி, மூட்டையைத் தூக்கி லாரியில் போடும்போது, “அன்வர்… வர்… வர்…” என்றார்கள். ஏலேலோ மாதிரி, மூட்டையைத் தூக்க அது வசதியாக இருந்திருக்கிறது. நடுவில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு மூட்டையைத் தாங்கிப் பிடித்தவன் ஏழுமலை.

அவன் இறங்கி வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நேத்து ஜீப்புல ஏறி உக்காந்தேன். என் பாட்டு ஓடிக்கினு இருந்திச்சு” என்றான். “எல்லாரும் கேட்டாங்கடா. எங்கம்மா, ‘யாரோ உன்ன மாரியே பாடறான்டா’ன்னு சொல்லிச்சு. நல்லாத்தான் இருந்திச்சு. ஆனா அதுல நீ ஏன்டா பேசிக்கினே இருக்க?”

பூட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.

“சென்னைக்குத் தெரியாதுடா, புதன்கிழமைக்கு இன்னும் மூணு நாள்தானே கீது” என்றேன்.

புதன்கிழமை ரெண்டு பேரும் போனோம். கம்பெனிக்காரரின் அறையில் ஏசி ஓடியது. ஏழுமலை இரவல் சட்டை போட்டிருந்தான். பெட்டியில் பூட்டி வைத்திருந்த சுத்தமான சிடியைக் கொடுத்தேன். “வெளியில எங்கயும் வரலையே?” என்று அவர் கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தான். பொய் சொல்வது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். “ஒரு காதுக்கும் போகல சார்” என்றேன்.

பாட்டு ஓடியது. அவர் விரல் மேஜையில் தட்டியது. முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில் ஒரு பெரியவர் தட்டில் காபி கொண்டுவந்தார். “நின்னு என் ரெண்டும் போச்சு!” என்று பாட்டு மூச்சு வாங்க நின்றது. காபியை என் முன்னால் வைத்துக்கொண்டே, அந்தப் பெரியவர் தன்னையறியாமல் முணுமுணுத்தார்.

“அன்வர்… வர்… வர்…”

அவருக்குச் சொந்த ஊர் உளுந்தூர்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வந்திருக்கிறார்.

கம்பெனிக்காரர் கோபப்படவில்லை. “பாட்டு நல்லா இருக்கு தம்பி. ஆனா எங்க ஆபீஸ்ல காபி குடுக்கிறவருக்கே மனப்பாடமா இருக்கே. இத நான் புதுசுன்னு எப்படிப் போடறது?” என்றார். ஏழுமலை எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். காபியை அவன் தொடவேயில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். திண்டிவனத்தில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கினான், பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுவாத. உளுந்தூர்பேட்ட வரைக்கும் போயிருக்குதுடா, ரெண்டே நாள்ல” என்றான்.

அவன் ஆறுதலுக்குச் சொன்னான். எனக்கு அது ஆறுதலாக இல்லை. இன்றைக்கும் இல்லை. அந்தக் கதவு என்னால் மூடியது, அதை நான் எந்த வேடிக்கையாலும் மறைக்கப் போவதில்லை.

அதற்கப்புறம் எந்தச் சங்கம், எந்த ஒதுக்கீட்டுக்கு ஆர்ப்பாட்டம் நடத்தினாலும் எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு ஓடியது. ஏழுமலையை மேடையேற்றினார்கள். மூச்சு வாங்கும் இடம் வந்தால் கூட்டமே என் பெயரைக் கத்தும். ஒரு தடவை பூட்டில்லாமல் பாடிப் பார்த்தான், இது ஒரிஜினல் இல்லை என்று கீழே இறக்கிவிட்டார்கள். என் நிக்காஹ்வை நடத்திவைத்த ஹஜ்ரத் என் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்னால் பின்வரிசையிலிருந்து “வர்… வர்…” என்று எதிரொலி வந்தது. பெண் வீட்டார் திடுக்கிட்டுப் போனார்கள்.

ஏழுமலை கடைசியில் சான்றிதழ் வாங்கி, பரீட்சை எழுதி, கிராம நிர்வாக அலுவலர் ஆகிவிட்டான். அவனுக்கும் நாலு கால் நாற்காலி ஒன்று இருக்கிறது. வருகிறவர்களிடம் ‘நாளைக்கு வா’ என்று அவன் சொன்னதாக இதுவரை ஒரு புகாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு எழுதி, பதிவு செய்து, இணையத்தில் போடுகிறான். என் எண்ணைத் தன் செல்போனில் வேறு பெயரில் வைத்திருக்கிறான். பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று நான்தானே சொன்னேன்? ‘உளுந்தூர்பேட்டை’ என்று இருக்கிறது.

போன வாரம் என் செல்போனுக்கு அவனிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. இன்னும் வெளியே வராத பாட்டு. என்னை நம்பி இன்னொரு தடவை அனுப்பியிருக்கிறான். ஹாலில் உட்கார்ந்து இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். பாட்டுக்கு முன்னால் அவன் பேசினான்.

“இது அன்வருக்கு மட்டும். டேய், எங்கயாவது காலி இடம் கீதுன்னா, அது காலியாவே கெடக்கட்டும்டா.”

கண்ணைத் திறந்தேன். என் மகளும் மனைவியும் சமையலறை வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இயர்போனைச் செல்போனில் சரியாகச் செருகவில்லை.